நாக்கு கழற்றிய மணி

சுகிர்தபுரத்து ஆலயமணி, யாரும் கயிற்றை இழுக்காமல் தானாக அடிக்கத் தொடங்கியது, ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாட்களின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று ஐந்துக்கு. ஒரே ஓர் அடி. தேரி மணலின் சிவப்பும் பனைகளின் கறுப்பும் தவிர வேறு நிறம் அதிகமில்லாத எங்கள் ஊரில், அந்த ஒற்றை ஓசை மணலுக்குள் இறங்கி மறையும்வரை எல்லாரும் கைவேலையை நிறுத்திக் காத்திருந்தார்கள். நிதானமாக இரண்டிரண்டாக அடித்தால் சாவு, மும்மூன்றாக அடித்தால் ஆராதனை, விடாமல் அடித்தால் தீ என்று நாங்கள் அறிவோம், ஆனால் ஒற்றை அடிக்கு எங்களிடம் பொருள் எதுவும் இல்லை. பொருள் இல்லாத ஒன்றைச் சுகிர்தபுரம் அதிக நேரம் சும்மா விட்டுவைத்ததுமில்லை.

முதல் சந்தேகம் கோயில்குட்டி ஞானமுத்துவின் மேல் விழுந்தது. ஆலயத்தைப் பெருக்கிப் பாய் விரித்து மணியடிக்கும் பணியாளரை எங்கள் பக்கத்தில் கோயில்குட்டி என்றே அழைப்போம். இந்தக் குட்டிக்கு அறுபத்திரண்டு வயது. அந்த நேரத்தில் அவர் டீக்கடை பெஞ்சில் நான்கு சாட்சிகளுக்கு நடுவில் உளுந்துவடையைப் பிட்டுக்கொண்டிருந்தார் என்பது தெரிந்த பிறகும், வடையைத் தின்றுகொண்டே மணியடிக்க ஏதாவது வழி உண்டா என்று இரண்டு நாள் ஆராயப்பட்டது. வியாழக்கிழமை மாலை நான்குக்கு மணி மறுபடியும் அடித்தது. சனிக்கிழமை காலையும் அடித்தது. எங்கள் திருச்சபை வட்டாரமான சேகரத்தின் கமிட்டிச் செயலாளர் ஆசீர், பொதுப்பணித் துறையில் மேற்பார்வையாளராயிருந்து ஓய்வு பெற்றவர், எதையும் பூட்டினால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர், கோபுரக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்; மணி அடித்தது. கயிற்றை அவிழ்த்துச் சுருட்டித் தன் வீட்டுப் பரணில் போட்டார், மணி அடித்தது. கடைசியில் இரண்டு பனையேறிகளை மேலே ஏற்றி மணியின் நாக்கையே கழற்றி இறக்கி, பதினேழு கிலோ இரும்பையும் சாக்கில் சுற்றி, குருவானவர் அங்கி மாற்றும் சிறிய அறையிலிருந்த பீரோவில் வைத்துப் பூட்டினார்; இனி ஆராதனைக்கும் சாவுக்கும் ஞானமுத்து மேலே ஏறிச் சுத்தியலால் அடிக்கட்டும் என்றார். மறுநாள் காலை ஆறு நாற்பதுக்கு மணி, நாக்கு இல்லாமல், முன்னைவிடச் சற்றுத் தெளிவாக அடித்தது.

அதன் பொருளைக் கண்டுபிடித்தவர்கள் பெண்கள். செவ்வாய்க்கிழமை பதினொன்று ஐந்துக்குத்தான், நான்கு நாளாய்க் காணாமற்போய் முழங்காலில் நின்று கேட்கப்பட்ட கம்மல் ஒன்று, தங்கபுஷ்பத்தின் முறத்துக் குருணையில் கண்சிமிட்டியது. வியாழக்கிழமை நான்குக்குத்தான், பிரேக் பிடிக்காமல் இறக்கத்தில் ஓடிய மினிலாரி, ஓட்டியவன் ஆண்டவரே என்று ஒரு சொல் சொன்னதும், உப்பு மூட்டைக் குவியலில் போய்ச் சாய்ந்து நின்றது. நாக்கைக் கழற்றிய மறுநாள் காலை ஆறு நாற்பது யாருடையது என்பதுதான் பதினைந்து நாள் தெரியாமலிருந்தது; அது ஆசீருடைய சிறுநீரகக் கல் இறங்கிய நேரம் என்பதை, அவருடைய மனைவி பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில், பெற்ற நன்மைக்குச் சாட்சி சொல்லும் வேளையில், கணவரின் பெயரைச் சொல்லாமல், எங்க வீட்டுல ஒரு ஆளுக்கு என்று தொடங்கிச் சொல்லிவிட்டார். இவ்வாறாக, சேகரத்தில் ஏறெடுக்கப்படும் ஜெபம் ஒன்று அருளப்படும் கணத்தில் மணி ஒருமுறை அடிக்கும் என்பது உறுதியாயிற்று. அதிசயம் அத்துடன் முடிந்தது, ஊர் தொடங்கியது.

முதல் மாதம் ஸ்தோத்திரத்தில் கழிந்தது என்பதை மறுக்கமாட்டேன். மும்பையிலும் மஸ்கட்டிலும் இருந்த பிள்ளைகள் நேர்முகத் தேர்வு முடிந்து வெளியே வந்தவுடன் வீட்டுக்குப் பேசி, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பதற்கு முன்னால் மணி அடித்ததா என்று கேட்டார்கள். இரண்டாம் மாதம் ஒரு சிறு கணக்கு எங்களை உறுத்தத் தொடங்கியது. மணி அடித்த தடவைகள் அதிகம். எழுந்து நின்று சாட்சி சொன்னவர்கள் குறைவு. அப்படியானால் கேட்டதைப் பெற்றுக்கொண்டு வாய் திறவாதிருந்தவர்கள் சிலர் எங்கள் நடுவில் இருந்தார்கள். அவர்கள் என்ன கேட்டார்கள், அதை ஏன் மறைக்கிறார்கள்? மணியோசை கேட்டவுடன் வாசலுக்கு வந்து, தெருவில் யார் முகம் மலர்ந்திருக்கிறது என்று பார்ப்பது வழக்கமாயிற்று. அதனால் மகிழ்ச்சியானவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு நடக்கப் பழகினார்கள். அதனால் முகத்தைச் சுளித்தவர்கள்மேல் சந்தேகம் அதிகமாயிற்று. சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் கணவன் பிசைந்த கையை நிறுத்தி மனைவியைப் பார்ப்பான்.

"உனக்கா?"

"எனக்கு எதுக்கு அடிக்கப்போவுது. உமக்கா இருக்கும்."

"நான் ஒண்ணும் கேக்கலியே."

"கேட்டாத்தான் சொல்லவா போறீரு."

ஒரு வீட்டில் பேசி முடித்த திருமணம் குலைந்த அதே நிமிடத்தில் மணி அடித்தது. குலைய வேண்டும் என்று கேட்டது யார் என்பதில் இரண்டு குடும்பங்கள் பேச்சை நிறுத்திக்கொண்டன. கமிட்டித் தேர்தலில் செயலாளர் பதவிக்கு நின்ற இருவரும் உபவாசமிருந்து ஜெபித்தார்கள், வாக்கு எண்ணும்போது மணி ஒருமுறை அடித்தது, ஆசீர் வென்றார், தோற்றவர் ஒரு மாத காலம் பெந்தெகொஸ்தே சபைக்குப் போனார், அங்கே மணியே கிடையாது என்ற ஒரே காரணத்துக்காக.

எங்கள் குடும்ப ஜெபத்தைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். மாலை ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் பாய் விரித்து உட்கார்ந்து, வயதில் இளையவரிலிருந்து தொடங்கி ஒவ்வொருவராக அவரவர் முறை வரும்போது வாய்விட்டு ஜெபித்து, முடிவில் எல்லாரும் சேர்ந்து கர்த்தருடைய ஜெபம் சொல்வோம். ஜன்னல்கள் திறந்திருக்கும். அடுத்த வீட்டாரின் நோவும் கடனும் மனக்குறையும் அந்த அரைமணி நேரத்தில் தெருவுக்குத் தெரிந்துவிடும். அதில் யாருக்கும் குறையில்லை. ஜெபம் என்றால் சத்தமாகச் சொல்வது. வாய் திறவாமல் உட்கார்ந்திருப்பவர் ஜெபிக்கவில்லை, தூங்குகிறார் என்பதே எங்கள் முடிவு. மணி வந்த பிறகு இந்த வழக்கம் தலைகீழாயிற்று. கேட்பது பலித்துவிடக்கூடும் என்று ஆனபின் அதை அடுத்தவர் காதுபடக் கேட்க யாருக்கும் துணிவில்லை. குரல்கள் தணிந்தன, ஜன்னல்கள் சாத்தப்பட்டன, சில வீடுகளில் மௌனமாக ஜெபிக்கத் தொடங்கினார்கள். மௌனமாகக் கேட்கப்படுவது நல்லதாக இருக்க முடியாது என்று எண்ணியவர்கள், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அடுத்த வீட்டு ஜன்னலுக்குக் கீழே போய் நின்றார்கள்.

குருவானவர் அருமைநாயகத்துக்கு, எங்கள் பேச்சில் ஐயருக்கு, வேறொரு கவலை. ஓய்வு பெற இரண்டு வருடம் மீதமிருந்த, சர்க்கரை நோய்க்குப் பயந்து கேசரியையும் சண்டைக்குப் பயந்து முடிவுகளையும் தவிர்த்துவந்த மனிதர் அவர். ஞாயிறு தோறும் தேசத்துக்காகவும் சமாதானத்துக்காகவும் மழைக்காகவும் சபை முழுவதும் ஒரே குரலில் விண்ணப்பிக்கிறது. ஆராதனை நேரத்தில் மணி ஒருநாளும் அடித்ததில்லை. எங்கள் வீட்டுக் கம்மல்களுக்கு அடிக்கிறது, எங்கள் பொது விண்ணப்பத்துக்கு அடிப்பதில்லை. அவர் இதை ஒரு முறை பிரசங்கத்தில் சொன்னார், பிறகு சொல்லவில்லை.

இப்படி ஐந்து மாதம் போயிற்று. ஆடிக் காற்று தேரி மணலை வாரி வீட்டுக்குள் இறைத்துக்கொண்டிருந்த ஒரு புதன்கிழமை, காலை பத்து நாற்பதுக்கு, வேதமாணிக்கம் இறந்தார். பத்து நாற்பதுக்கு மணி அடித்தது.

வேதமாணிக்கம் ஒரு காலத்தில் ஊரிலேயே நீளமாக ஜெபிக்கிறவர். அசன விருந்தில் அவரை ஜெபிக்கச் சொன்னால் குழம்பு ஆறிவிடும் என்று சமையற்காரர்கள் முறையிடுவார்கள். அப்படிப்பட்டவருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் ஒரே நாளில் போய்விட்டன. மூன்று வருடம் ஏழு மாதம் கட்டிலில் கிடந்தார். மகன் ஆல்பர்ட் மஸ்கட்டில் வேலையிலிருந்தான். பார்த்துக்கொண்டவள் மருமகள் எப்சிபா. கஞ்சியைத் துணியில் வடிகட்டிக் கரண்டியால் ஊட்டி, புண் வராதிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் போட்டு, காலில் எண்ணெய் தேய்த்து, பக்கத்தில் உட்கார்ந்து அன்றைய செய்தித்தாளை மரண அறிவித்தல்கள் உட்பட வாசித்துக் காட்டி, அந்த மூன்று வருடம் ஏழு மாதத்தில் அவள் தாய்வீட்டுக்குப் போனது ஒரே ஒரு தடவை, அதுவும் அவள் தாயின் அடக்கத்துக்கு. அடுத்த வீட்டில், ஒரே சுவர் தடுக்கும் தூரத்தில், வேதமாணிக்கத்தின் மூத்த மகள் தாயினேஸ் இருந்தாள். அவள் ஞாயிறு ஆராதனை முடிந்து ஒரு நாட்டுவாழைப்பழத்துடன் வந்து, கட்டிலின் கால்மாட்டில் நின்று, எங்கப்பாவை இப்படிப் பாக்க என்னால தாங்காது என்று சொல்லி, தாங்காமல் போய்விடுவாள்.

அன்று அவள் பெட்டியின் தலைமாட்டில் நின்றாள். ஊர் முழுவதும் முற்றத்தில் இருந்தது; ஆல்பர்ட்டுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. அழுகை ஓய்ந்த ஓர் இடைவெளியில், எல்லாருக்கும் கேட்கும் குரலில், ஆனால் யாரையும் பார்க்காமல், அவள் சொன்னாள்:

"மணி அடிச்சுதுல்லா. எங்கப்பா மூச்சு நின்ன அதே நிமிசம் அடிச்சுது. அப்ப யாரோ கேட்டிருக்கா. யாரு கேட்டாளோ அவ சொல்லட்டும்."

எப்சிபா இறந்தவரின் வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். சரிசெய்து முடித்தாள். எதுவும் சொல்லவில்லை. மௌனமாயிருப்பவர்களைப் பற்றி அப்போது எங்களுக்கு இருந்த எண்ணத்தை முன்பே சொல்லியிருக்கிறேன்.

அடக்கம் முடிந்த ஐந்தாம் நாள் தாயினேஸ் கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாள். என் தகப்பனாருக்கு மரணம் உண்டாக விண்ணப்பித்தவள், அதை சபைக்கு முன்பாக அறிக்கை செய்யும்வரை, திருவிருந்தில் சேர்க்கப்படலாகாது என்பது அதன் சாரம். வெளியூரில் இருப்பவர்களுக்கு இது சிறிய காரியமாகத் தோன்றலாம். சுகிர்தபுரத்தில், ஆலயத்தில் அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்திலிருந்து விலக்கப்பட்டவள் வீட்டுக்கு யாரும் பெண் கொடுக்கமாட்டார்கள், பெண் எடுக்கமாட்டார்கள், சாவுக்கு மணி அடிக்காது, கல்லறைத் தோட்டத்தின் வேலிக்கு உள்ளே இடம் கிடையாது. எப்சிபாவின் மகள் மதுரையில் நர்சிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள்.

விசாரணை வியாழக்கிழமை பிற்பகல் மூன்றுக்கு, அங்கி மாற்றும் அறையில் நடந்தது. ஐயர், ஆசீர், தாயினேஸ், எப்சிபா ஆகிய நால்வர் உள்ளே. மற்றவர்கள் வெளியே, ஜன்னல்களுக்குக் கீழே. எண்ணிப் பார்த்தேன், என்னையும் சேர்த்து இருபத்தெட்டுப் பேர்.

"ஒன்னக் குற்றம் சாட்டல, எப்சிபா," என்றார் ஆசீர். "விளக்கம்தான் கேக்கோம். மாமனாரு போனது எத்தன மணிக்கு?"

"பத்து நாப்பது."

"மணி அடிச்சது?"

"பத்து நாப்பது."

"அப்ப யாரோ கேட்டிருக்காங்க."

"ஆமா."

அவள் அவ்வளவு எளிதாக ஒப்புக்கொண்டது ஆசீரைச் சற்றுத் தடுமாற வைத்தது. அவர் தாயினேஸைப் பார்த்தார். தாயினேஸ் ஆயத்தமாக இருந்தாள்.

"தினமும் சாயந்தரம் இவ சத்தமாத்தான் ஜெபிப்பா, ஐயரே. அத நான் இல்லைங்கல. ஆனா அவ முடிச்ச பெறகு ஒரு பேச்சுமூச்சு இருக்காது. ரெண்டு நிமிசம், மூணு நிமிசம். அதுக்குப் பெறகுதான் கர்த்தருடைய ஜெபம் ஆரம்பிப்பா. அந்த மூணு நிமிசம் என்ன கேட்டா? வாய்விட்டுச் சொல்லக் கூடியதா இருந்தா வாய்விட்டே சொல்லியிருப்பாள்லா?"

வெளியே ஜன்னல்களுக்குக் கீழே இருபத்தெட்டுத் தலைகள் ஆமோதித்தன. அது எங்களுக்கு மிகவும் நியாயமாகப் பட்டது.

"மதினி," என்றாள் எப்சிபா, "எங்க வீட்டு ஜன்னலுக்குக் கீழ எத்தன நாளு நின்னிய?"

"இப்ப அதுவா கேள்வி?"

"இல்ல, கேக்கேன். ஒங்களுக்கு மூட்டுவலி. உள்ள வந்து உக்காந்திருக்கலாம்லா. உள்ள ஒங்கப்பாதான இருந்தாரு."

தாயினேஸின் வளையல்கள் ஒருமுறை ஓசையிட்டு அடங்கின.

"அந்த மூணு நிமிசம் என்னுது இல்ல ஐயரே," என்று எப்சிபா தொடர்ந்தாள். "அது மாமா முறை. சின்னவங்க முதல்ல, பெரியவங்க கடைசியில. நான் முடிச்ச பெறகு அவரு முறை வரும். நான் கண்ண மூடிக்கிட்டு இருப்பேன். அவரு முடிச்சதும் இடது கை விரலால கட்டில் சட்டத்துல ரெண்டு தட்டுத் தட்டுவாரு. அதுதான் ஆமென். பெறகு கர்த்தருடைய ஜெபம் சொல்லுவேன். அவரு படுத்த அன்னையிலிருந்து ஒரு நாளு அவரு முறைய நான் தாண்டினதில்ல."

"எங்கப்பாவுக்குத்தான் பேச்சே கிடையாதே!" என்றாள் தாயினேஸ். "பேச்சில்லாத மனுசன் எப்படிட்டி ஜெபிப்பாரு?"

எப்சிபா ஆசீரின் முதுகுக்குப் பின்னாலிருந்த பீரோவைப் பார்த்தாள்.

"மணிக்கும்தான் நாக்கு கிடையாது. சாக்குல சுத்தி இதுக்குள்ள வச்சுப் பூட்டியிருக்கிய. அது அடிக்காமலா இருக்கு?"

யாரும் பீரோவின் பக்கம் திரும்பவில்லை. திரும்பிவிடக் கூடாது என்று எல்லாரும் முயன்றது தெரிந்தது. ஐயர் மெதுவாகக் கேட்டார்:

"அவர் என்ன கேட்டார் என்று உனக்குத் தெரியுமா அம்மா?"

"அவரு முறையில அவரு கேட்டது எனக்கு எப்படி ஐயரே தெரியும். எம் முறையில நான் கேட்டது தெரியும். மதினிக்கும் தெரியும். சொல்லச் சொல்லுங்க."

தாயினேஸ் தரையைப் பார்த்தாள். பொய் சொல்லுகிற பெண்ணல்ல அவள். பொய் சொல்வாள் என்று அவளுடைய எதிரிகளும் சொன்னதில்லை.

"அப்பாவ எந்திச்சு நடக்க வையும்னு கேப்பா."

"எத்தன நாளு கேட்டா?" என்றார் ஆசீர்.

"நான் நின்ன நாளெல்லாம் கேட்டா."

"மூணு வருசம் ஏழு மாசம் கேட்டேன்," என்றாள் எப்சிபா. "மணி வந்த பெறகு அஞ்சு மாசம், கேட்டு முடிச்சதும் காதத் தீட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன். எனக்கு அடிக்கல. அன்னைக்குக் காலையில நான் கஞ்சி ஆத்திக்கிட்டு இருந்தேன். அவரு சட்டத்துல ரெண்டு தட்டுத் தட்டினாரு. ஜெபநேரம் இல்லையேன்னு திரும்பிப் பாத்தேன். மணி அடிச்சுது. ஒரே கட்டில் ஐயரே. அந்தப் பக்கம் இருந்து அவரு ஒண்ணு கேட்டாரு, இந்தப் பக்கம் இருந்து நான் ஒண்ணு கேட்டேன். அவரு கேட்டது கிடைச்சுது. எனக்கு இல்லைன்னு சொன்னதும் அந்த ஒரே மணிதான்."

ஐந்து மாதமாக அந்த மணியை நாங்கள் ஆம் என்ற ஒரே பொருளில்தான் கேட்டுவந்தோம். ஒருவருக்கு ஆம் என்று விழுகிற அடி, அவருக்கு எதிரே நிற்கும் வேறொருவருக்கு இல்லை என்று விழக்கூடும் என்பது, தேர்தலில் தோற்றவரைத் தவிர, எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. ஆசீருக்கு அப்போதும் தோன்றவில்லை.

"சத்தமா ஒண்ணு கேக்கதும் மனசுக்குள்ள வேற ஒண்ணு கேக்கதும் ஒரே ஆளு செய்யக்கூடிய காரியம்தான," என்றார் அவர். அதை அவர் சொந்த அனுபவத்திலிருந்து சொல்கிறார் என்று வெளியே நின்ற எல்லாரும் எண்ணினோம். ஆனாலும் அவர் சொன்னதில் பொருள் இருப்பதாகவும் எண்ணினோம். தட்டியதைப் பார்த்தவள் அவள் ஒருத்திதானே? சந்தேகத்துக்கு இதுதான் வசதி. எந்த விளக்கத்தையும் அது வீட்டுக்குள் அனுமதித்து, கதவருகிலேயே உட்கார வைத்துவிடும்.

முடிவு சொல்லவேண்டியவர் ஐயர். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். வர வேண்டாம் என்று தான் சொல்லப்போவதில்லை என்றார். வா என்று சொல்லவும் தன்னால் இயலவில்லை என்றார். வருகிற ஞாயிறு மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து உண்டு. சபை பார்த்துக்கொள்ளட்டும் என்றார். ஆசீர் உடனே புரிந்துகொண்டார்.

"அதான் சரி. வழக்கப்படி வரிசை நெறஞ்சாக் குடுங்க. நெறயலன்னா வேண்டாம்."

எங்கள் ஆலயத்தில் பீடத்துக்கு முன்னால் தேக்குக் கிராதி ஒன்று உண்டு. பன்னிரண்டு பேர் முழங்காலில் நிற்கலாம். பன்னிரண்டு இடமும் நிறைந்த பிறகே குருவானவர் அப்பத்தட்டை எடுத்துக்கொண்டு இறங்கி வருவார். குறைந்த வரிசைக்குக் கொடுப்பதில்லை. யார் தொடங்கிய வழக்கம் என்று தெரியாது. ஆனால் அது ஒருவருக்குத் தீர்ப்பாகும் என்று தொடங்கியவர் நினைத்திருக்கமாட்டார்.

சனிக்கிழமை மாலை ஏழு மணிக்குத் தாயினேஸ் மறுபடியும் அந்த ஜன்னலுக்குக் கீழே போய் நின்றாள். இதை எதிர்வீட்டு மாடியில் வற்றல் அள்ளப் போன இருவர் பார்த்தார்கள்; வற்றலை நண்பகலிலேயே அள்ளியிருக்கலாம் என்பது வேறு விஷயம். ஜன்னல் திறந்தே இருந்தது. உள்ளே எப்சிபா தனியாக உட்கார்ந்து, மகளுக்காகவும் ஆல்பர்ட்டுக்காகவும், பிறகு மூட்டுவலியுள்ள மதினிக்காகவும், வாய்விட்டு ஜெபித்தாள். அதை முடித்ததும் நிறுத்தினாள். கட்டில் காலியாக இருந்தது, மெத்தையை எரித்துவிட்டிருந்தார்கள், ஆனாலும் அவள் அந்த முறையைத் தாண்டிப் போகாமல் கண்ணை மூடிக் காத்திருந்தாள். இரண்டு நிமிடம் போயிற்று, மூன்று நிமிடம் போயிற்று. ஆமென் சொல்ல ஆளில்லாததால் அந்த மௌனத்துக்கு முடிவே இல்லாதிருந்தது. தாயினேஸ் சுவரில் கை வைத்தாள் என்பதில் பார்த்த இருவரும் ஒத்துப்போகிறார்கள். விரலால் தட்டினாளா இல்லையா என்பதில் அவர்களுக்குள் இன்றுவரை கருத்து வேறுபாடு. உள்ளே கர்த்தருடைய ஜெபம் தொடங்கியது என்பது மட்டும் உறுதி.

ஞாயிற்றுக்கிழமை நூற்று நாற்பது பேர் வந்திருந்தோம். ஈஸ்டருக்குக்கூட அவ்வளவு பேர் வருவதில்லை. பாவ அறிக்கையை மிக நன்றாகச் சேர்ந்து சொன்னோம். ஐயர் பந்திக்கு அழைத்தார். இரண்டாம் பெஞ்சிலிருந்து எப்சிபா எழுந்தாள். திருவிருந்துக்கு உடுத்தும் வெள்ளைச் சேலையின் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு நடந்து, கிராதியின் இடது ஓரத்தில், சுவரை ஒட்டி, மற்றவர்களுக்குப் பதினொரு இடம் விட்டு முழங்காலிட்டாள். கைகளை ஏந்தினாள்.

யாரும் எழவில்லை.

ஐயர் பீடத்தருகே தட்டைப் பிடித்தபடி நின்றார். மின்விசிறிகள் சுற்றின. ஞானமுத்து விளக்குத் திரியைத் தூண்டுவதுபோல் குனிந்தார், திரி நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது. அவளுடைய கைகள் ஏந்தியபடியே இருந்தன. கரண்டி பிடித்து, எண்ணெய் தேய்த்துக் காய்த்துப்போன கைகள், பெஞ்சிலிருந்து பார்த்தாலும் தெரிந்தது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். அவளை நம்பாதவர்கள் அங்கே பலர் இருந்தார்கள். ஆனால் அவள் கை தாழ்வதைப் பார்க்க விரும்பியவர் ஒருவரும் இல்லை. அவளுக்கு அருகில் முதலில் போய் முழங்காலிடுகிறவர் யாரென்று நாளைக்குத் தெருவில் பேசுவார்கள், அவளுக்கும் இவருக்கும் என்ன, இவரும் எதையாவது மௌனமாகக் கேட்டவரோ என்று ஆராய்வார்கள். அது எல்லாருக்கும் தெரியும், ஏனென்றால் ஆராயப்போகிறவர்களும் நாங்கள்தான். ஆகவே கண்களை மூடிக்கொண்டோம். மூடிக்கொண்டு நான் கேட்டதை மறைக்கப்போவதில்லை. ஆண்டவரே, அந்தப் பெண்ணைத் தனியே விடாதேயும், யாரையாவது எழுப்பி அனுப்பும், அது நானாக இருக்கவேண்டாம்.

மூன்றாம் நிமிடத்தில் வளையலோசை கேட்டது. கண் திறந்தேன். தாயினேஸ் நடந்துகொண்டிருந்தாள். மூட்டுவலியால் ஒவ்வோர் அடிக்கும் பெஞ்சுகளைப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் கிராதிவரைக்கும் போய், காலியாயிருந்த பதினொரு இடங்களில் எப்சிபாவுக்கு அடுத்ததைத் தேர்ந்துகொண்டாள். எப்சிபா திரும்பிப் பார்க்கவில்லை. இன்னும் சற்றுச் சுவர்ப்பக்கம் ஒதுங்கி இடம் விட்டாள். தாயினேஸின் முழங்கால் பாயில் பட்டது.

மேலே மணி அடித்தது. ஒரே ஓர் அடி. ஆராதனையின் நடுவில், முதல் தடவையாக.

நூற்று நாற்பது பேரும் மேலே பார்த்தோம். பிறகு, ஐந்து மாதப் பழக்கத்தினால், யாருக்கு அடித்தது என்று அறிய ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஒவ்வொரு முகத்திலும் ஒரே விண்ணப்பம் இருந்தது. சொல்லுக்குச் சொல் என்னுடையது. அதன் கடைசிச் சொற்கள்கூட மாறவில்லை. சுகிர்தபுரம் ஒருமனதாய் ஏறெடுத்த விண்ணப்பம் ஒன்று அருளப்பட்டிருந்தது.

மீதிப் பத்து இடங்களும் நிறைய நேரமாகவில்லை. மூன்றாவதாக வந்து முழங்காலிட்டவர் ஆசீர். ஐயர் தட்டை எடுத்துக்கொண்டு இறங்கி, சுவர் ஓரத்திலிருந்து தொடங்கினார்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது வெயிலும் காற்றும் முன்போலவே இருந்தன. செருப்புகளைத் தேடி மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். மணி அடித்தது யாருக்கு என்று அன்று எந்த வாசலிலும் யாரும் யாரையும் கேட்கவில்லை.